பெயர் எழுதாத நன்கொடை

வரி அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்தொன்பது வருடங்களை மற்றவர்கள் கட்ட வேண்டிய வரியைக் குறைப்பதில் செலவழித்திருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை, வேலையைத் துளிப் பிசகில்லாமல் செய்து ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன் என்று அவரே சொல்கிறார். கெடுத்தது என்று ஏன் சொல்கிறீர்கள், உதவத்தானே செய்தீர்கள் என்று மார்க்கெட்டில் எல்லோரும் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவர் விடுவதாக இல்லை.

அவருடைய அலுவலகம் மார்க்கெட் சந்திப்பில், டயர் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு அலமாரி, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அது நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு இது பழகிப் போயிற்று. ஒருவர் வருடக் கணக்கை பிஸ்கட் டப்பாவில் கொண்டு வருவார், இன்னொருவர் தலையணை உறையில். பெரிய ஆடிட்டர்கள் தொட மாட்டாத கணக்குகள். அக்காவும் முதலில் அப்படி ஒரு ஆடிட்டரிடம்தான் எழுத்தராக இருந்தார். சில்லறை வியாபாரிகள் வந்தால் நாற்காலி அழுக்காகிறது என்று அந்த ஆடிட்டர் முகம் சுளித்த வாரத்திலேயே அக்கா வேலையை விட்டார். அந்தச் சில்லறை வியாபாரிகள் அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "சட்டம் விட்ட சந்துல நுழைஞ்சு போ. சுவரை இடிக்காதே." புதிதாக வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார். பொய் ரசீதோடு வந்தால் டப்பாவோடு திருப்பி அனுப்புவார். ஆனால் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஒரு காசை யாராவது விட்டுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சந்திப்பில் பத்து வருடமாக நின்ற போக்குவரத்துக் காவலரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். விசில் ஊதவே மாட்டார் என்பதால் வந்த பெயர். கையைத் தூக்குவார், முறைப்பார், அதற்கும் நிற்காத வண்டிக்காரனின் பரம்பரையை விசாரிப்பார். விசில் பாட்டுக்குச் சட்டைப் பையில் தூங்கும். "ஊதினா தொண்டை வறளுது, திட்டினா வறளமாட்டேங்குதே" என்பார்.

வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் அக்கா இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தால் நான்கு பக்கமும் வண்டிகள் நின்றுவிடும். "கஜானாவே நடந்து போகுது, வழி விடுங்கப்பா!" என்று நடுத்தெருவில் கத்துவார் விசில். அக்காவுக்குக் கூச்சமாக இருக்கும். பிடிக்கவும் செய்யும்.

விசிலின் நிலக் கடன் காகிதங்களை அக்காதான் பார்த்துக் கொடுத்தார், கூலி வாங்காமல். ஊரைத் தாண்டி ஒரு துண்டு நிலம். போனஸ் வந்தால் ஒரு சுவர், சீட்டு எடுத்தால் ஒரு சுவர் என்று எழும்பிய வீடு. ஒரு நாள் மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சொன்னார்: "நாலு சுவரும் நின்னாச்சுக்கா. இப்போதைக்கு வானம்தான் கூரை. அதுக்கு ஏதும் வரி உண்டா?"

"சத்தமாக் கேக்காதே தம்பி. அவங்க காதுல விழுந்தா போட்டுடுவாங்க."

அது நடந்த சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. மேட்டிலிருந்து ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கியது. தெருவில் முதலில் கேட்டது லாரிச் சத்தம் அல்ல, விசில் சத்தம். விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. அந்த மனிதர் விசில் ஊதி யாரும் கேட்டதில்லை என்பதால் கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். பிள்ளைகளைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தார்கள். தெரு காலியானது. காலி செய்தவர் மட்டும் நடுவில் இருந்தார்.

விசிலின் மனைவி வீட்டிலிருந்தே சீருடை தைக்கிறவர். ஒரே மகள், ஏழாம் வகுப்பு. அரசு கொடுத்த தொகை நிலக் கடனை அடைத்ததில் கரைந்தது. மாத ஓய்வூதியம் வந்தது. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் சரியாக இருந்தது. இருந்த வீடு காவலர் குடியிருப்பில். பணியில் இருக்கிறவர்களுக்கான வீடு அது. ஒரு வருடத்தில் காலி செய்ய வேண்டும். ஆக, வருடம் முடிவதற்குள் அந்த நான்கு சுவருக்கு மேல் ஒரு கூரை வேண்டும். மார்க்கெட் முழுவதற்கும் இது தெரியும்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் இரும்புக்கடைக்காரர். அவருடைய கிடங்கில், கம்பிக் கட்டுகளின் மேலும் சிமென்ட் மூட்டைகளின் மேலும் உட்கார்ந்து கூட்டம் நடந்தது. கூரைக்கான கம்பியை அடக்க விலைக்குத் தருவதாகத் தலைவர் சொன்னார். மிச்சத்தை எல்லோரும் போட்டுக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடலாம் என்று முடிவாகும் நேரத்தில் ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா, இதுக்கு வரிக்கழிவு உண்டா?"

முட்டைக்கடை அம்மாள் சும்மா இருப்பாரா? "அடப்பாவி, உன் பிள்ளையை இழுத்துக் கடைக்குள்ள போட்டது அவன் ஊதின விசில். அதுக்குக் கொடுக்கிறதுலயும் கணக்கா?"

"கணக்குப் பாக்காம கொடுத்தா ஆயிரம் கொடுப்பேன். கழிவு உண்டுன்னா ஆயிரத்து ஐந்நூறு கொடுப்பேன். யாருக்கு லாபம்? சொல்லுங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா விளக்கினார். கொடுக்கிறவர் ஆள் பார்த்துக் கொடுத்தால் அது அன்பளிப்பு. எவ்வளவு நல்ல காரியமானாலும் கழிவு கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு, இன்னாருக்கு என்று சொல்லாமல் கொடுத்தால் அது தர்மம். அதற்குக் கழிவு உண்டு. பணியில் இறந்த காவலர் குடும்பங்களுக்கென்றே தலைநகரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. செக்கை அதன் பெயருக்கு எழுதினால் ஆளுக்கு ஒரு ரசீது வரும்.

"அப்போ அதுதானே புத்தி!" என்றார் ஜவுளிக்கடை.

கிடங்கில் இறுக்கம் தளர்ந்தது. ஆளாளுக்குத் தொகையை ஏற்றிச் சொன்னார்கள். அக்காவுக்கு அன்று பெருமையாக இருந்தது. ஒரு கணக்குப் பிள்ளையால் துக்க வீட்டுக்குச் செய்ய முடிந்த உதவி இது, எனக்கு மட்டுமே தெரிந்த சந்து இது என்று நினைத்தாராம். இப்போது அதைச் சொல்லும்போது மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

முட்டைக்கடை அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு வரியே கிடையாது. கழிவை வச்சு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கல்லாவில் இருந்ததை ஒரு பையில் போட்டு நேரே குடியிருப்புக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பாதி சில்லறை. தையல் மேசை மேல் கொட்டி எண்ணவே வெகு நேரம் ஆயிற்றாம்.

செக்குகளோடு அனுப்ப இரும்புக்கடைக்காரர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். விசிலின் நிஜப் பெயர், காவலர் எண், இறந்த விதம், வீட்டு விலாசம், கூரை விவரம் எல்லாம் அதில் இருந்தன. அக்கா படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அண்ணே, இது ஆகாது. இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு வரி இருந்தாலும் கழிவு போச்சு."

"பேர் போடாம எப்படிம்மா அவங்களுக்குத் தெரியும்?"

"பேப்பர், டிவி எல்லாத்துலயும் வந்த சாவு அண்ணே. அதே மார்க்கெட்ல இருந்து அத்தனை செக்கும் போகுது. புரியாமலா போயிடும்? அவங்களுக்குத் தெரியலாம், நாம எழுதத்தான் கூடாது."

கடிதத்தில் பெயர் போயிற்று. எண் போயிற்று. கூரையும் போயிற்று. "காவலர் குடும்ப நலனுக்காக" என்ற ஒரு வரி மிஞ்சியது. அதற்கு முன்பே அக்கா அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். பதிவு எண் கேட்டார், பதிவு இன்னும் செல்லுமா என்று கேட்டார், கழிவு எத்தனை சதவீதம் என்று கேட்டார். பணம் யாருக்கு, எப்படிப் போகும் என்று கேட்கவில்லை. அது அவர் தொழிலில் யாரும் கேட்கிற கேள்வி இல்லை. பணம் புறப்படுகிற இடம்தான் அவருக்குத் தெரியும்; போய்ச் சேர்கிற இடத்தில் அவருக்கு ஒருபோதும் வேலை இருந்ததில்லை.

ரசீதுகள் அழகாக வந்தன. முத்திரை, கையெழுத்து, ஒரு குறை சொல்ல முடியாது. வருட முடிவில் அக்கா எல்லோருக்கும் கழிவு எடுத்துக் கொடுத்தார். தானும் ஒரு செக் போட்டிருந்ததால் தனக்கும் எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் விசிலின் மனைவிக்கு அறக்கட்டளையிலிருந்து ஒரு தொகை வந்தது. கூரைப் பணம் வருகிறது என்று இரும்புக்கடைக்காரர் முன்பே சொல்லி வைத்திருந்ததால், இதுதான் முதல் தவணை என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்ததில் தப்பில்லை. கூரை போட அது போதாது. ஆனால் மழைக்கு முன் ஏதாவது ஒரு வேலையை முடித்துவிடலாமே என்று, கொத்தனாரைக் கேட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி பொருத்திவிட்டார். பச்சை வர்ணமும் அடித்தார். மகள் தேர்ந்தெடுத்த நிறம்.

பிறகு ஒரு மதியம் அவர் மாடியேறி வந்து அக்காவிடம் கேட்டார்: "அடுத்தது எப்போ வரும்க்கா? கூரைக்காரர் முன்பணம் கேக்கிறார்."

கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. வழக்கம்போல இருவரும் அது நிற்கும் வரை பேசாமல் இருந்தார்கள். அந்த இடைவெளியில் அக்கா அறக்கட்டளை ரசீதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சத்தம் நின்றதும், "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்றார்.

அறக்கட்டளைச் செயலாளர் ஓய்வு பெற்ற காவல் அதிகாரி. அக்கா பஸ் ஏறிப் போய்ப் பார்த்த அவர் அலுவலகம் தலைநகரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. சுவர் முழுவதும் சீருடைப் படங்கள். அக்காவுக்கு அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வந்த பணமெல்லாம் பொது நிதி. அந்த வருடம் பன்னிரண்டு குடும்பங்கள். பிரித்து ஒரே தடவையாகக் கொடுத்தாயிற்று. இனி எதுவும் பாக்கியில்லை என்றார்.

"எங்க மார்க்கெட்ல இருந்து வந்தது அந்த ஒரு குடும்பத்துக்காக வந்ததுங்க."

"அப்படி எங்கேயும் எழுதலையேம்மா."

"எழுதினா கழிவு கிடைக்காதுன்னு..."

"கிடைக்காதுதான். எழுதியிருந்தா நாங்க செக்கையே திருப்பி அனுப்பியிருப்போம். நேரா அந்த வீட்டுலயே கொடுத்துடுங்கன்னு சொல்லியிருப்போம்."

செயலாளர் எழுந்து போய் ஒரு படத்தைக் காட்டினார். இளம் வயது, பெரிய காது. வெள்ளத்தில் பாலத்திலிருந்து ஒரு கிழவரைத் தூக்கிவிட்டுத் தான் அடித்துச் செல்லப்பட்டவர்.

"இவர் ஊர்ல பத்து வீடு இருக்கும். மார்க்கெட் கிடையாது. வரி கட்டுறவங்க ஒருத்தர் கிடையாது. உங்க பணத்துலதான் இவர் சம்சாரம் மாடு வாங்கினாங்க. போன மாசம் பால் பணத்துல ஒரு பங்கை இங்க கொண்டு வந்து கொடுத்தாங்க, வேற யாருக்காவது கொடுங்கன்னு. அதைத் தப்புன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

யாரையாவது திட்டலாம் என்று போனவருக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பெரிய காதுக்காரர் மேல் கோபம் வந்ததாகவும், கோபம் வந்ததை நினைத்து வெட்கப்பட்டதாகவும் சொல்கிறார்.

ஊருக்கு வந்ததும் கிடங்கில் மறுபடி கூட்டம் போடச் சொன்னார். இந்தத் தடவை பாதிப் பேர் வந்தார்கள். அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னார். இனி கழிவு வேண்டாம், நேராகக் கையில் கொடுப்போம் என்றார். கம்பிக் கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"கொடுத்தாச்சேக்கா" என்றார் ஒருவர்.

"மனசுல ஒரு தடவைதான்க்கா ஊறும்" என்றார் இன்னொருவர். "நீங்க சொன்ன இடத்துலதான் கொடுத்தோம்."

குத்திக் காட்டச் சொன்னதில்லை அது. ஆனாலும் குத்தியது. வியாபாரம் மந்தமான மாதம் வேறு. ஜவுளிக்கடைக்காரர் கழிவில் மிச்சமான தொகையை அப்படியே கொண்டு வந்து கொடுத்தார். அந்த மனிதரைப் பற்றி நல்லதும் சொல்லியாக வேண்டும். இரும்புக்கடைக்காரர் கம்பியைச் சும்மாவே தருகிறேன் என்றார். கம்பி இருந்தால் மட்டும் கூரை நிற்குமா? சிமென்ட், மணல், கூலி எல்லாம் இருக்கிறதே. மொத்தம் சேர்ந்தது கூரையின் ஒரு மூலைக்குக் காணும்.

அக்கா அடுத்துச் செய்ததைக் கேட்டு அவருடைய கணவரே தலையில் அடித்துக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் சிரித்துத் தாண்டுகிறவர். அக்கா தன்னுடைய ரிட்டர்னைத் திருத்தி, அந்த நன்கொடைக்கு எடுத்த கழிவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வரி அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த எழுத்தர் இரண்டு தடவை படித்தார்.

"மேடம், நீங்க கூடக் கட்டுறேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"ரசீது செல்லாதா?"

"செல்லும்."

"அப்புறம் எதுக்கு?"

அக்கா படிவத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். எழுத்தர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சேர்ந்து யோசித்து முத்திரை குத்தினார்கள்.

வீட்டில் கணவர் கேட்டார்: "சரி, இதனால அந்தப் பொண்ணுக்கு ஒரு செங்கல் வந்துச்சா?"

"வரலை."

"யாருக்கு வந்துச்சு?"

"அரசாங்கத்துக்கு."

"இருபத்தொன்பது வருஷமா அதுகிட்ட இருந்து பிடுங்கினே. இப்போ பாவம் பாத்துத் திருப்பிக் கொடுத்தியாக்கும்." சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, பீரோவிலிருந்து தன் சேமிப்பு உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். வண்டி வாங்க வைத்திருந்த பணம்.

அந்த உறையையும் தன்னுடையதையும் மார்க்கெட்டில் சேர்ந்ததையும் எடுத்துக்கொண்டு அக்கா குடியிருப்புக்குப் போனார். தையல் இயந்திரம் ஜன்னலோரத்தில் இருந்தது. நீலச் சட்டைகள் கழுத்துப் பட்டி இல்லாமல் நாற்காலியில் குவிந்திருந்தன. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கடிதத்தில் பெயரை அடித்ததையும் சொன்னார்.

விசிலின் மனைவி கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா."

"கேக்கலைம்மா. தோணவே இல்லை."

"எங்களுக்காகத்தான் கூட்டம் போட்டீங்க. எங்களைக் கூப்பிடலை." குரல் ஏறவில்லை. "கழிவு இல்லாமலே, கொஞ்சமா இருந்தாலும் கையில கொடுங்கன்னு சொல்லியிருப்பேன். முட்டைக்கடை அம்மா கொண்டு வந்தாங்களே, அந்த மாதிரி."

அக்கா உறைகளை நீட்டினார். வேண்டாம் என்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தார். அவர் வாங்கிக்கொண்டார்.

"மறுக்கிற நிலைமையில நான் இல்லைக்கா."

கூரைக்கு அது போதாது என்று இருவருக்கும் தெரியும். வாடகைக்கு வீடு பார்த்தார்கள். முன்பணமும் வாடகையும் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. வருடம் முடிந்தது. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அம்மாவும் மகளும் வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். தையல் இயந்திரம் இரும்புக்கடை வண்டியில் போயிற்று. முட்டைக்கடை அம்மாள் வழிச் செலவுக்கென்று மறுபடி ஒரு பை சில்லறை கொடுத்தார்.

போன வாரம் விசிலின் மனைவி இங்கே வந்திருந்தார். நான்கு சுவரையும் பச்சை ஜன்னல்களையும் நிலத்தோடு வாங்க ஆள் கிடைத்திருக்கிறது. வாங்குகிறவர் உடனே கூரை போடப் போகிறாராம். மாடியேறி வந்து காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, புருஷன் கேட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்டார்:

"இதுக்கு வரி உண்டாக்கா?"

அக்கா கணக்குப் போட்டார். நிலம் வாங்கிய விலை, இப்போதைய விலை, சுவர்ச் செலவு, ஜன்னல் செலவு. ஒன்றையும் விடவில்லை.

"கொஞ்சம் வரும்மா. ஆனா இந்தப் பணத்தை இன்னொரு வீட்டுல போட்டா முழுசும் கழிவு..."

"இன்னொரு வீடு வாங்க முடிஞ்சா இதை ஏன்க்கா விக்கிறேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அக்கா பேனாவை மூடி வைத்தார். பிறகு மறுபடி திறந்து, கட்ட வேண்டிய தொகையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பத்திரப் பதிவு வருகிற வியாழக்கிழமை காலையில். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் இரும்புக்கடைக்காரர், இன்னொருவர் வரி அக்கா. அன்றைக்கு மாடி அறை பூட்டியிருக்கும் என்று டயர் கடையில் சொல்லி வைத்திருக்கிறார்.